எட்டாம் மாசக் குழந்தை பிழைக்காதா? மலையிலிருந்து வந்த கேள்விகள்

இந்த மாதப் பகுதி முழுக்கக் குறைமாதக் குழந்தைகளுக்கு. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான் இருந்தன. பெயர்களை எடுத்துவிட்டேன், நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். நான் எழுதுவது பொதுவான பதில். உங்கள் குழந்தையைக் கையில் வைத்துப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: 1984ல் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஆறரை மாசத்திலேயே வலி வந்து பெண் குழந்தை பிறந்தது. ரெண்டு பவுண்டுகூட இல்லை என்றார்கள். மறுநாள் மதியம் வரைக்கும் மூச்சு இருந்தது. நான் பாரம் தூக்கியதால்தான் குழந்தை போச்சு என்று என் மாமியார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் என் பேத்தி 29 வாரத்தில் 1 கிலோ 100 கிராமில் கோயம்புத்தூரில் பிறந்து, இப்போது நன்றாகத் தவழ்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. என் மகள் இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் பிழைத்திருப்பாளா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, மாமியார் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடுமையான உடலுழைப்பு குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாம் என்பது உண்மை, ஆனால் இந்த மூட்டையைத் தூக்கியதால்தான் இந்தக் குழந்தை போனது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இத்தனை ஸ்கேனும் பரிசோதனையும் வந்த பிறகும்கூட, முன்கூட்டியே வலி வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏன் வந்தது என்று காரணம் கிடைப்பதில்லை. ஆறரை மாத வயிற்றோடு ஒரு பெண் பாரம் தூக்க வேண்டியிருந்தது என்றால், அதை வேலை வாங்கியவர்கள் யோசித்திருக்க வேண்டும். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இதைச் சொல்ல நாற்பது வருஷம் ஆகியிருக்கக் கூடாது.

சரி, இப்போது உங்கள் கேள்வி. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். முப்பத்துநாலரை வாரம், எடை 2 கிலோ 100 கிராம். இன்றைக்கு அந்த எடையில் பிறக்கிற குழந்தைக்குப் பெரும்பாலும் சில நாள் கவனிப்பு போதும். ஆனால் அந்தக் குழந்தை, பாஸ்டன் நகரத்தின் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும், 39 மணி நேரத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனது. அவ்வளவு செல்வாக்குள்ள தகப்பனுக்கும் கொடுக்க அப்போது மருந்து என்று ஒன்று இல்லை.

என்ன நடக்கிறது என்றால், நம் நுரையீரலில் இருக்கிற குட்டிக் குட்டிக் காற்றறைகளின் உள்பக்கத்தில் மெல்லிய வழவழப்பான ஒரு படலம் இருக்கிறது, சர்ஃபாக்டன்ட் என்று பெயர். கடைசி மாதங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கும். அது இல்லாமல் பிறந்த குழந்தை மூச்சை வெளியே விடும்போதெல்லாம் காற்றறைகள் நனைந்த பாலித்தீன் பைபோல ஒட்டிக்கொள்ளும், அடுத்த மூச்சுக்கு அதைப் பிரித்துத் திறக்க வேண்டும், அதற்கடுத்ததற்கும் அப்படியே. ஒரு நாள், ஒன்றரை நாள் போராடிக் களைத்துவிடும். உங்கள் மகள் மறுநாள் மதியம் வரை இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அநேகமாக அவளுக்கும் இதுதான் நடந்திருக்கும்.

இந்தப் படலம் இல்லாததுதான் காரணம் என்று மேரி எலன் ஏவரி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்தது 1959ல். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்பவர் ஆடுகளிடம் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டிகள் மிகவும் சீக்கிரம் பிறந்தும் மூச்சுவிட்டதைக் கவனித்தார். அவரும் ஹோவி என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, பிரசவத்துக்கு முன்னாலேயே தாய்க்கு அந்த ஊசியைப் போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் தயாராகிறது என்று 1972ல் நிரூபித்தார்கள். ஆனால் அந்த ஊசி உலகம் முழுக்க வழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1994ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு கட்டாயப்படுத்தாத குறையாகச் சொன்ன பிறகுதான் அங்கேயே பரவலாகப் போட ஆரம்பித்தார்கள். கையில் மருந்து இருந்தும் இருபது வருஷம்! எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது.

ஜப்பானில் ஃபுஜிவாரா என்ற டாக்டர் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் நேரடியாகச் செலுத்திப் பார்த்து 1980ல் எழுதினார், அமெரிக்காவில் முதல் சர்ஃபாக்டன்ட் மருந்து அனுமதி பெற்றது 1990ல். அதாவது 1984ல் உங்கள் மகள் பிறந்தபோது, லண்டனில் பிறந்திருந்தாலும் அந்த மருந்து கடையில் கிடைத்திருக்காது.

உங்கள் பேத்திக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவத்துக்கு முன்னால் அவள் அம்மாவுக்கு ஊசி, பிறந்ததும் ஈரம் காயும் முன்பே பாலித்தீன் உறை, மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கிற சிபாப், தேவைப்பட்டிருந்தால் சர்ஃபாக்டன்ட், மூச்சை மறக்காமலிருக்கக் காஃபீன் மருந்து, குழாய் வழியாகத் தாய்ப்பால். இதில் எதுவுமே உங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு, நல்ல வசதியுள்ள இடத்தில், தாய்க்கு ஊசி போட்ட பிறகு பிறந்திருந்தால், அவள் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். நிச்சயம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அவளுக்குப் பெயர் வைத்திருந்தீர்களா? வைத்திருந்தால் பேத்தியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழாம் மாசம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாசம் பிறந்தால் பிழைக்காது என்று எங்கள் ஹட்டியில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இப்போது எட்டாம் மாசம். பயமாக இருக்கிறது.
- வாசகி, குன்னூர் அருகில்

பதில்: பயப்படாதீர்கள், அது உண்மையில்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான், இடையில் கெட்ட மாசம் என்று ஒன்று கிடையாது. 33 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 29 வாரத்தில் பிறந்ததைவிடப் பிழைக்கும் வாய்ப்பு தெளிவாக அதிகம். இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருந்ததில்லை, பழைய கிரேக்கர்களும் இதையேதான் சொன்னார்கள்.

எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஸ்கேன் இல்லாத காலத்தில் மாசக் கணக்கு தப்பும், ஏழு மாசம் என்று நினைத்தது உண்மையில் எட்டரை மாசமாக இருந்திருக்கும். நிஜமான ஏழு மாசக் குழந்தைகள் பெரும்பாலும் பிறந்த உடனே போய்விடும், அதைக் கருக்கலைந்ததோடு சேர்த்துவிடுவார்கள், கணக்கில் வராது. பிழைத்த ஒன்றிரண்டைப் பற்றி மட்டும் ஊர் பேசும்.

இந்த நம்பிக்கையால் கெடுதல் நடப்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். எட்டு மாசம்தானே, எப்படியும் நிற்காது என்று வீட்டில் தயங்கி உட்கார்ந்துவிட்டால், சுலபமாகக் காப்பாற்றக்கூடிய குழந்தை போய்விடும். எட்டாம் மாசத்தில் வலி வந்தால் அடுத்த நிமிஷமே கிளம்புங்கள். இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல நாள், நல்ல நட்சத்திரம் என்று 36, 37 வாரத்தில் சிசேரியன் கேட்டு வருகிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் குழந்தையை முன்னாடியே எடுத்தால் மூச்சுத் திணறலோடு தனி வார்டுக்குப் போக நேரலாம். திட்டமிட்ட சிசேரியன் என்றால் 39 வாரம் வரை பொறுங்கள்.

கேள்வி: முதல் குழந்தை 28 வாரத்தில் பிறந்து இறந்துவிட்டது. மலையிலேயே பிரசவம் ஆகி, பிறகு ஆம்புலன்ஸில் கீழே கொண்டு போனோம், வழியிலேயே மோசமாகிவிட்டது. இப்போது மறுபடியும் 14 வாரம். இந்தத் தடவை என்ன செய்ய வேண்டும்? எஸ்டேட் லயனில் இருக்கிறோம், மழைக்காலத்தில் ரோடு அடைத்துக்கொள்ளும்.
- வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்: தங்கச்சி, இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு மிக முக்கியமானது உங்களுடையது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குறைமாதக் குழந்தை மலை இறங்க வேண்டும் என்றால் தாயின் வயிற்றில் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் செய்த ஒரு பெரிய ஆய்வு 2019ல் வெளிவந்தது. வசதி குறைந்த இடத்தில் பிறந்து பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்ட குழந்தைகளுக்கு, அங்கேயே பிறந்த குழந்தைகளைவிட மூளையில் கடுமையான பாதிப்பு அதிகம் என்று அதில் தெரிந்தது. அங்கே எல்லா வசதியும் உள்ள வண்டி, சமதளமான ரோடு. நமக்குக் குஞ்சப்பனை வழியாக 33 கிலோமீட்டர் இறங்கினால்தான் மேட்டுப்பாளையம், அதற்கப்புறம் கோயம்புத்தூர். குன்னூர் வழியாகப் போனால் பர்லியாறு, கல்லாறு என்று கொண்டை ஊசி வளைவுகள். 900 கிராம் குழந்தையின் மூளையில் இருக்கிற ரத்தக்குழாய்கள் அவ்வளவு மெல்லியவை, குளிரும் குலுக்கலும் ரத்த அழுத்த ஏற்ற இறக்கமும் அதற்கு ஆகாது. போன தடவை நீங்கள் செய்யத் தவறியது எதுவுமில்லை, யாராவது முன்னாடியே உங்களைக் கீழே அனுப்பியிருக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பிரசவ தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள், ஆரம்ப மாதங்களில் எடுக்கிற ஸ்கேன்தான் தேதியைச் சரியாகச் சொல்லும், எந்த வாரம் என்று தெரியாமல் பின்னால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அப்புறம் 18 முதல் 24 வாரத்துக்குள் கருப்பை வாயின் நீளத்தை அளக்கிற ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். அந்த நீளம் குறைந்துகொண்டு வந்தால் புரோஜெஸ்டிரான் மருந்தோ தையலோ போடுவார்கள், உங்களைப்போல ஏற்கெனவே குறைமாதத்தில் பெற்றவர்களுக்கு அது உதவும். ரத்தசோகையும் சிறுநீரில் கிருமியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், மெல்லுகிற புகையிலையும் குறைமாதப் பிரசவத்துக்கு ஒரு காரணம்தான். லயனில் பல பேருக்கு அந்தப் பழக்கம் இருப்பதால் சொல்கிறேன், குற்றம் சொல்வதற்கில்லை.

முடிந்தால் 24 வாரத்திலிருந்து கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள், மழைக்காலம் என்றால் கண்டிப்பாக. தங்க இடமில்லை என்றால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் டாக்டரிடமும் இப்போதே பேசி, வலி வந்தால் எங்கே போவது என்று முடிவு செய்து வையுங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, 700 படுக்கைகளோடு புதிய மருத்துவமனையை 2025 ஏப்ரலில் திறந்தார்கள், பழைய நிலைமை இப்போது இல்லை. உங்கள் வாரத்துக்கு ஊட்டி போதுமா, கோயம்புத்தூர்தான் போக வேண்டுமா என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் உள்ளவர்களும் இதேபோல, சுல்தான் பத்தேரியா, கோழிக்கோடா, ஊட்டியா என்று வலி வருவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அடிவயிறு விட்டு விட்டு இறுகுவது, ஓயாத இடுப்பு வலி, தண்ணீர் கசிவது, ரத்தம் படுவது, இதில் எது வந்தாலும் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரியில் நிச்சயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "குழந்தையின் நுரையீரலுக்கான ஊசி போட்டாச்சா?" டெக்ஸாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 தடவை, பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் 2 தடவை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே முதல் ஊசியை ஆரம்ப சுகாதார மட்டத்திலேயே போடலாம் என்று மத்திய அரசு 2014லேயே வழிமுறை கொடுத்திருக்கிறது. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2020ல் வெளியான ஆய்வில், இந்த ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் முதல் மாத இறப்பு 100க்கு 23.5லிருந்து 19.6ஆகக் குறைந்தது. விலை மிகக் குறைந்த மருந்து அது. ஆனால் வாரம் சரியாகத் தெரிந்து, ஆஸ்பத்திரிக் கவனிப்பும் இருக்கும் இடத்தில்தான் அது நல்லது செய்கிறது, வீட்டில் யாரையோ பிடித்துப் போட்டுக்கொள்கிற ஊசி இல்லை.

கேள்வி: என் மகன் 26 வாரம் 5 நாளில் 870 கிராமில் பிறந்து கோவையில் என்.ஐ.சி.யூவில் (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறான். மனைவி இன்னும் படுக்கையில். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே எல்லாம் மெஷின். எனக்கு அங்கே என்ன வேலை?
- வாசகர், ஊட்டி

பதில்: தம்பி, நிறைய வேலை இருக்கிறது.

முதல் வேலை பால். மனைவியிடமிருந்து சில சொட்டு சீம்பால் வந்தாலும் அதை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும், பால் எடுக்க அவருக்குத் துணையாக இருங்கள், முதல் நாட்களில் ஒன்றுமே வரவில்லை என்று அவர் அழுதால் அது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று சொல்லுங்கள். இவ்வளவு சின்னக் குழந்தைகளுக்குக் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் வரும், தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்கு அது குறைவாகவே வருகிறது. தாயிடம் பால் போதவில்லை என்றால் பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இருக்கிறது.

இரண்டாவது, கை கழுவுவது. சோப்புப் போட்டு, முழங்கை வரை, ஒவ்வொரு தடவையும். மூச்சுப் பிரச்சினையைத் தாண்டிவந்த குழந்தைகளைக் கிருமி கொண்டுபோவதை நான் பார்த்திருக்கிறேன், அதைவிட வயிற்றெரிச்சல் வேறில்லை.

மூன்றாவது, உங்கள் நெஞ்சு. 1978ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற டாக்டரிடம் போதுமான இங்குபேட்டர் இல்லை, இருந்ததிலும் இரண்டு மூன்று குழந்தைகளைச் சேர்த்துப் போட்டதால் கிருமி பரவியது. குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவிடலாம் என்று ஆரம்பித்தார். கங்காரு முறை என்று எல்லோரும் சொல்வது அதுதான். ரொம்ப காலம் இதை ஏழை நாட்டு மாற்று வழி என்றுதான் பார்த்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவின் நாலு ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2021ல் வந்தது. 1 கிலோவிலிருந்து 1 கிலோ 800 கிராமுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்ததில், முதல் 28 நாளில் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகு மார்பில் வைத்த குழந்தைகளில் 15.7 சதவீதம். அடுத்த வருஷமே உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றிவிட்டது. உங்கள் மகன் 1 கிலோவுக்குக் கீழே இருப்பதால் எப்போது ஆரம்பிக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் தினமும் கேளுங்கள். மனைவியால் எழுந்திருக்க முடியாவிட்டால் அப்பாவின் நெஞ்சும் அதே சூடுதான் கொடுக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

அப்புறம் டாக்டரிடம் மூளை ஸ்கேன் எப்போது எடுத்தார்கள், என்ன தெரிந்தது என்று நேராகக் கேளுங்கள். தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறித்தான் வரும், ஒரு நாள் வென்டிலேட்டரை எடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்துவிட்டோம். கண் பரிசோதனைக்குத் திரும்பக் கோயம்புத்தூர் வரச் சொல்கிறார்கள். குழந்தை நன்றாகத்தான் பார்க்கிறது. ஒரு நாள் போனால் ரெண்டு பேர் கூலி போகும். போகாவிட்டால் என்ன?
- வாசகர், குந்தா

பதில்: போயே ஆக வேண்டும், இந்த இதழ் கைக்கு வந்த வாரமே போங்கள். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் பிறந்த பிறகுதான் வளர்ந்து முடிகின்றன, அது தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரை பிரிந்து பார்வை போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரிகிற நேரத்தில் காலம் கடந்திருக்கும். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கும் பிறந்து 30 நாள் முடிவதற்குள் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இன்னும் முன்னாடியே, இரண்டு மூன்று வாரத்தில். உங்களுக்கு எத்தனை நாள் ஆகியிருந்தாலும் இனியும் தள்ளிப்போடாதீர்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையிலோ ஊசியிலோ பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இது எப்படித் தெரிந்தது என்ற கதை வேதனையானது. 1940களில் குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்ற இங்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் விட்டார்கள், நல்லதென்று நினைத்துத்தான். உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கும் என்று மெல்போர்னில் கேட் கேம்பெல் 1951ல் எழுதினார், பிறகு பெரிய ஆய்வும் அதை உறுதி செய்தது. உடனே ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள், பார்வை இழப்பு குறைந்தது, மூச்சில்லாமல் இறந்தவர்கள் கூடினார்கள். குழந்தையின் காலில் சிவப்பாக மின்னுகிற ஒரு கிளிப்பை மாட்டியிருந்தார்களே, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவை 90க்கும் 95க்கும் நடுவில் பிடித்து வைக்கத்தான் அது.

கூலியைப் பற்றிச் சொன்னீர்கள். அது சின்ன விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை குழந்தையின் சிகிச்சை, மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வண்டி எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். வண்டிக்குச் செவிலியரிடம் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: 1 கிலோ 700 கிராமில் குழந்தையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். கணப்பு போடலாமா? கழுதைப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள்.
- வாசகி, ஊட்டி

பதில்: கணப்பு வேண்டவே வேண்டாம். கதவைச் சாத்திக்கொண்டு கரி மூட்டினால் வாசனையே இல்லாத விஷவாயு அறையில் சேரும், பெரியவர்களே தூக்கத்தில் இறந்துபோகிறார்கள், குழந்தை எம்மாத்திரம். விறகுப் புகையும் அந்த நுரையீரலுக்கு ஆகாது. சுடுதண்ணீர்ப் பையைப் பக்கத்தில் வைத்தால் தோல் வெந்துவிடும். அறைக்குச் சூடு வேண்டுமென்றால் மின்சார ஹீட்டர், அதுவும் காற்று கொஞ்சம் வந்துபோகிற மாதிரி. அதைவிட நல்லது உங்கள் மார்புதான். தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும் போட்டுக் குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டு மேலே கம்பளியும் ஸ்வெட்டரும் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தவரை நாள் முழுக்க, வீட்டில் இருக்கிறவர்கள் மாறி மாறி. உடம்புச் சூடு 36.5க்கும் 37.5 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் இருக்கட்டும், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர் தாக்க ஆரம்பித்துவிட்டது. குளிப்பாட்டுவது இப்போதைக்கு வேண்டாம், துடைத்துவிட்டால் போதும்.

கழுதைப்பால், தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம். உங்கள் பால் மட்டும். உறிஞ்சக் களைப்பாக இருந்தால் எடுத்துப் பாலாடையில் கொடுங்கள், குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, அவசரப்படாமல், விழுங்கிய பிறகு அடுத்தது. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான் இன்றைக்கு என்.ஐ.சி.யூவிலும் இருக்கிறது. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய மட்டும் மறக்காதீர்கள்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றில் கிடைக்கிற ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் வரும். சாதாரணக் குழந்தைக்கு இதனால் ஒன்றுமில்லை, ஆனால் ரொம்ப நாள் ஆக்சிஜனிலோ வென்டிலேட்டரிலோ இருந்து நுரையீரலில் தழும்பு விழுந்த குழந்தை கீழே நன்றாக இருந்துவிட்டு மேலே வந்ததும் திணறலாம். டிஸ்சார்ஜின்போது "நாங்கள் ஊட்டி போகிறோம்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கோயம்புத்தூர் டாக்டருக்கு அது தோன்றாமல் போகலாம். பால் குடிக்க மறுத்தால், மூச்சு நின்று நின்று வந்தால், நெஞ்சு உள்வாங்கினால், உதடு நீலமானால், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளானால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் 21 வாரத்தில் பிறந்த குழந்தை பிழைத்ததாகப் படித்தேன். 23 வாரத்தில் பிறந்த என் அக்கா குழந்தைக்கு இங்கே "கஷ்டம்" என்று சொல்லிவிட்டார்கள். சரியாக முயற்சி செய்யவில்லையோ?
- வாசகர், கூடலூர்

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான். 2020ல் அலபாமாவில் 21 வாரம் 1 நாளில் 420 கிராமில் ஒரு ஆண் குழந்தை பிறந்து பிழைத்தது. கூடப் பிறந்த இரட்டைக் குழந்தை பிழைக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் 2013லிருந்து 2018 வரை பிறந்த குழந்தைகளின் கணக்கு 2022ல் வெளிவந்தது. தீவிர சிகிச்சை கொடுத்தவர்களில் 22 வாரக் குழந்தைகளில் 30 சதவீதமும் 23 வாரத்தில் 55.8 சதவீதமும் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். 28 வாரத்தில் பிறந்தவர்களில் 94 சதவீதம். 27 வாரத்துக்கு முன் பிறந்து பிழைத்தவர்களில் பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது, 8.4 சதவீதம் பேருக்குக் கை கால் இயக்கத்தைப் பாதிக்கிற மூளை வாதம் ஓரளவுக்கு மேல் இருந்தது. உலகத்தின் சிறந்த வசதியோடு வந்த எண்கள் இவை. நம் நாட்டில் பெரிய நகரங்களின் சில இடங்கள் 24 வாரக் குழந்தைகளைக் காப்பாற்றுகின்றன, எல்லா இடத்திலும் அது நடக்காது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

உங்கள் அக்கா விஷயத்தில் என்ன நடந்தது என்று நான் இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. 23 வாரத்தில் "கஷ்டம்" என்பது பெரும்பாலும் நேர்மையான பதில். ஆனால் அந்த ஒரு சொல்லோடு டாக்டர் நகர்ந்துபோயிருந்தால் அது போதாது. முயற்சி செய்தால் என்ன ஆகலாம், வலி தெரியாமல் தாயின் மடியிலேயே போகவிடுவது என்றால் எப்படி, இரண்டையும் அக்காவிடமும் அத்தானிடமும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், முடிவில் அவர்களுக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டும். அக்கா இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருந்தால், இப்போதுகூட அந்த டாக்டரைப் பார்த்துக் கேஸ் ஷீட்டை வைத்துப் பேசச் சொல்லுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கும் அந்த விவரம் தேவைப்படும்.

கேள்வி: 28 வாரத்தில் பிறந்த மகளுக்கு இப்போது 9 மாதம். இன்னும் உட்காரவில்லை. தடுப்பூசியையும் தள்ளிப்போட வேண்டுமா?
- வாசகி, அரவேணு

பதில்: தடுப்பூசியை அட்டையில் உள்ள தேதிப்படியே போடுங்கள், பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு. வளர்ச்சிக்கு மட்டும் 12 வாரத்தைக் கழியுங்கள், அப்படிப் பார்த்தால் அவளுக்கு ஆறு மாதம் சொச்சம்தான், உட்காராதது கவலைப்படுகிற விஷயமில்லை. இரண்டு வயது வரை இப்படியே கழித்துப் பாருங்கள். காது கேட்கிறதா என்ற பரிசோதனை முடிந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை, முடியாவிட்டால் இந்த மாதமே செய்யுங்கள்.